என் முன்பல்லும் செல்லக்கண்ணு மாமாவின் பல்லும்

17-1-1983, பெரம்பலூர்

கணக்கில் அறுபத்திரண்டு மார்க்.

முன்பல் வலிக்கிறது. மேலே, இடது பக்கம். பொங்கலன்று கரும்பைக் கடித்து இழுத்தபோது ‘டக்’ என்றதே, அன்றிலிருந்து. கரும்புதான் முறிந்தது என்று நினைத்தேன். வீட்டில் சொல்லவில்லை, சொன்னால் பிடுங்கிவிடுவார்கள். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்கிறாள் பக்கத்து பெஞ்சு கலியம்மாள். அவள் பெரியப்பாவுக்கு அப்படித்தான் போயிற்றாம். பெரியப்பாவுக்கு எழுபது வயது என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

அம்மா தூங்கிவிட்டாள். அடுப்படி விளக்கில் எழுதுகிறேன்.

20-1-1983

ஒரு கண்ணை மூடிக்கொண்டு காலண்டர் படித்துப் பார்த்தேன். ராகு காலம் தெரிகிறது. எமகண்டம் கொஞ்சம் மங்கல்.

22-1-1983

மாட்டிக்கொண்டேன். காலையில் எழுந்தால் மேல் உதடு மூக்கைத் தொடுகிறது. அம்மா என்னைப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தாள், பிறகுதான் பயந்தாள்.

அப்பா தன் டார்ச்சை எடுத்து வந்தார். அவர் திருச்சி பஸ்ஸில் கண்டக்டர், ராத்திரி ட்ரிப்புக்காக வைத்திருக்கும் டார்ச். அவர் பார்த்தார். அம்மா பார்த்தாள். எதிர்வீட்டு மருதாயி அக்கா பார்த்துவிட்டு, வேறு நாலு பேரைக் கூட்டி வந்தாள். கடைசியில் தபால்காரரும் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து பார்த்து, “சீழ் வச்சிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்குத் தபால் ஏதும் இல்லை.

25-1-1983

அப்பாவின் பஸ்ஸிலேயே திருச்சிக்குப் போனோம். பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பல்லின் நரம்பு செத்துவிட்டதாம். வேருக்குள் சுத்தம் செய்து, மருந்து வைத்து அடைத்தால் பல் அதே இடத்தில் இருக்கும், நாலைந்து தடவை வரவேண்டும் என்றார். வேருக்குள் எதை விட்டுச் சுத்தம் செய்வது? மேஜையில் ஊசி ஊசியாக அடுக்கி வைத்திருந்தது. நான் கேட்கவில்லை. வீக்கம் வடிய மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

“செத்துப்போனதை யாராச்சும் வூட்டுல வச்சிருப்பாங்களா? இது வாயி. தெனம் சோறு போற எடம்.”

“ஒன் தம்பி வாயில இருக்கறது மட்டும் என்ன உசுரோட இருக்கா?” என்றார் அப்பா.

அம்மா அதற்குப் பிறகு எனக்கு மட்டும் கஞ்சி ஊற்றினாள்.

29-1-1983

அந்தத் தம்பியே இன்று வந்துவிட்டார். செல்லக்கண்ணு மாமா. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். முன்னால் ஒரே ஒரு பல் கட்டுப்பல் என்றார். அதை நகத்தால் தட்டித் தட்டிக் காட்டினார். அரியலூர் ஸ்டேஷன் பக்கம் ஒருவர் இருக்கிறாராம். காலையில் பிடுங்கி, அடுத்த வாரமே புதுசு மாட்டிவிடுவாராம். பல்லெல்லாம் அவரே செய்வாராம். “ஊசி கெடயாது, எக்ஸ்ரே கெடயாது. எந்த வெள்ளை வேணும்னு நீயே பாத்து எடுத்துக்கலாம், புள்ள.”

மேல்பல்லைப் பிடுங்கியதால் கண் எப்படி இருக்கிறது என்று மாமாவைக் கேட்டேன். “கண்ணா? நான் லாரி ஓட்டறன்ல” என்றார். போகும்போது எங்கள் வாசல்படியில் இடித்துக்கொண்டார்.

இது எதற்கு அத்தாட்சி? தெரியவில்லை.

2-2-1983

அப்பா: திருச்சி. அம்மா: அரியலூர். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் எனக்கு ரெண்டும் பயம்தான்.

4-2-1983

சாமியிடம் கேட்டுவிடுவது என்று முடிவாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோயிலில் பூப்போட்டுப் பார்க்கிறார்கள். வெள்ளைப் பூ வந்தால் திருச்சி, சிவப்பு வந்தால் அரியலூர். எனக்குப் பரவாயில்லை. சாமியாவது பல்லைப் பற்றி யோசிக்கட்டும்.

6-2-1983

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கோயில் கல்லங்குறிச்சி போகிற வழியில். பூசாரி அய்யம்பெருமாள் வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாகப் பூவரசு இலையில் மடித்துத் தட்டில் வைத்தார். பூசை முடியட்டும் என்று எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தார்கள். மாமா தன் பங்கை வாங்கிக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் போனார். யாரும் கவனிக்கவில்லை.

பூசாரி தட்டில் கிடந்ததை அள்ளிச் சாமி முன்னால் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். அப்பா என் வலது தோளைப் பிடித்திருந்தார், அம்மா இடது தோளை. பூசாரி வாங்கிப் பிரித்தார்.

பூ இல்லை. பல். ஒன்றுகூட இல்லை, நாலு பல், ரோஸ் தகட்டில் வரிசையாக, கம்பியோடு.

பூசாரி அதை உயரத் தூக்கிக் காட்டினார். கூடியிருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு கிழவிக்கு அருள்கூட வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண்ணீர். “சாமியே கட்டுப்பல்லைக் குடுத்துடுச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?” என்றாள்.

“குடுக்கல, கழட்டி எறிஞ்சிருக்கு. இது ஆகாதுன்னு சொல்லுது” என்றார் அப்பா.

ரெண்டு பேரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவர் பாவம். “வெள்ளைன்னா ஒண்ணு, செவப்புன்னா ஒண்ணு. பல்லு வந்தா என்னான்னு எங்க அப்பாரு எனக்குச் சொல்லித் தரலைங்க.”

அப்போதுதான் மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தார். துண்டுக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். புரியவில்லை. துண்டை எடுத்தார்.

“அக்கா, அது என்னுது.”

சுண்டல் தின்பதற்காகக் கழற்றியிருக்கிறார். மண்ணில் வைக்கக் கூடாதே என்று மிச்சம் கிடந்த பூவரசு இலையில் மடித்துப் பூத்தட்டின் ஓரத்தில் வைத்திருக்கிறார்.

அம்மா அவர் பல்லைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான். முன்னால் ஒன்றுமே இல்லை. கதவில்லாத வீடு மாதிரி.

“ஒரு பல்லுன்னுதானடா சொன்ன?”

“மொதல்ல ஒண்ணுதான்க்கா புடுங்குனாரு. கட்டுனது நிக்கல. பிடிமானம் வேணும்னு பக்கத்துல ஒண்ணு. அப்புறம் அந்தப் பக்கம் ஒண்ணு...” என்னைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டார். லாரி ஓட்டுகிற மாமா, இவ்வளவு பெரிய மீசை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“எனக்கு இந்தப் பல்லே போதும்மா. செத்ததா இருந்தாலும் பரவால்ல. அது என்னுது.”

நான்தான் சொன்னேன். அவ்வளவு பேர் முன்னால்.

அம்மா முந்தானையால் என் வாயைத் துடைத்தாள், ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

மாமா பல்லைக் கேட்டார். பூசாரி தரவில்லை. சாமி முன்னால் விழுந்துவிட்ட பொருளை மறுபடி எச்சில் படுத்தக் கூடாதாம். மஞ்சள் துணியில் முடிந்து சாமியின் வேலில் கட்டிவிட்டார். பஸ்ஸில் வரும்போது மாமா வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

14-2-1983

திருச்சி. அம்மாவும் வந்தாள். தன் வாய்க்கு ஒரு வழி கேட்க மாமாவும் வந்தார். ஊசி போட்டபோது வலித்தது. பிறகு உதடு என்னுடையதாக இல்லை. மெல்லிய கம்பிகளை வேருக்குள் விட்டு விட்டு எடுத்தார். கிறீச், கிறீச் என்று மண்டைக்குள் சத்தம், ஆனால் வலி இல்லை. மாமா என் கையைப் பிடித்திருந்தார். பாதியில் அவருக்கு மயக்கம் வந்து, நர்ஸ் அவரைப் பெஞ்சில் படுக்க வைத்தாள்.

22-2-1983

ரெண்டாம் தடவை. வாயில் கிராம்பு வாசனை. மாமா வெளியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

15-3-1983

அடைத்தாகிவிட்டது. பல் கொஞ்சம் சாம்பல் நிறம். கலியம்மாள் கிட்டே வந்து என் கண்ணைப் பார்த்து, “அப்படியேதான் இருக்கு” என்றாள், ஏமாற்றத்தோடு.

எமகண்டம் இன்னும் மங்கல்தான். விளக்கு போதவில்லை என்று நினைக்கிறேன்.

24-7-1983

ஆடி ஞாயிறு. குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். இறங்கும்போதே கூட்டம். பாதிப் பேர் கன்னத்தில் கை வைத்திருக்கிறார்கள். வேலில் அந்த மஞ்சள் முடிச்சு அப்படியே இருக்கிறது. சுற்றிலும் புது முடிச்சுகள், வெள்ளித் தகட்டில் செய்த பற்கள். பூசாரி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு பெண்பிள்ளை கேட்டதும் சாமி வாய் திறந்து பல் கொடுத்த கதையை. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

மாமாவுக்குத் திருச்சியில் புதுத் தகடு செய்தாகிவிட்டது. அதுவும் கழற்றி மாட்டுகிறதுதான். அவரும் வரிசையில் நின்று, வேலுக்குக் கீழே கன்னத்தில் போட்டுக்கொண்டார். தன் பழைய பல்லையா கும்பிட்டார்? கேட்கவில்லை.

சுண்டல் கொடுத்தார்கள். மாமா வேப்பமரத்துப் பக்கம் போனார். அம்மா அவர் பின்னாலேயே போய் நின்றுகொண்டாள்.

நான் அங்கேயே உட்கார்ந்து தின்றேன். ஒவ்வொன்றாக, முன்பல்லால்.