பச்சையில் ரெண்டு ஸ்பூன் கறுப்பு

12 பிப்ரவரி 2024, திங்கள்

கடையில் கூட்டமில்லை. மீன்பிடித் தடைக்காலம் வந்து படகுகள் கரையேறினால்தான் பெயிண்டுக்கு ஆள் வரும். அதனால் மதியம் நானும் வீட்டுக்காரரும், போன மாதம் வாங்கிய பின்பக்கக் குடோனைச் சுத்தம் செய்யப் போனோம். "உள்ள இருக்கிறதெல்லாம் உங்களுக்கே" என்று விற்றவர் பெருந்தன்மையாகச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம். குப்பை அள்ளுகிற வேலையை நம் தலையில் கட்டுகிறார் என்று.

உடைந்த ஆஸ்பெஸ்டாஸ், இற்றுப்போன கயிறு, எலிப் புழுக்கை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தார்ப்பாய். அதற்கு அடியில் — கார்! ரெண்டே ரெண்டு பேர் உட்காருகிற சின்னக் கார். கூரை கிடையாது. முட்டைக் கண் மாதிரி ரெண்டு விளக்கு.

அவர் ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், சுவரிலிருந்த பல்லி விழுந்துவிட்டது. "ஏளா செல்வி, இது எம்.ஜி. காருலா! வெள்ளக்காரன் ரேஸ் ஓட்டுத வண்டி!"

எடைக்குப் போடலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் முந்தானை அதன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது.

14 பிப்ரவரி

இன்று மூன்று தடவை குடோனுக்குப் போனேன். ஒரு வேலையும் இல்லை அங்கே.

3 மார்ச், ஞாயிறு

சீட்டுக்கு அடியில் ஒரு தகர டப்பா. அதற்குள் வண்டியின் ஆர்.சி. புத்தகம். மூன்று பெயர்கள் இருக்கின்றன. 1952இல் ஒரு கப்பல் கம்பெனி துரை. 1959இல் பிராட்வே அரிசி மண்டி முதலாளி ஒருவர். 1970இல் மிஸ் ஏ. ஜானட், ராயபுரம். அதற்குப் பிறகு யாருமில்லை. நான்காவது கட்டம் காலி.

அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே எழுதலாம், யார் படிக்கப் போகிறார்கள். கடை அவர் பெயரில். வீடு மாமனார் பெயரில். கேஸ் கனெக்‌ஷன்கூட அவர் பெயரில்தான். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, அப்படியே ஆகிப்போனது. ஐம்பத்துநான்கு வயதில் எனக்கு ஒரு ஆசை வரக்கூடாதா? அந்த நான்காவது கட்டத்தில் ஞானசெல்வி என்று இருக்க வேண்டும்.

ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது கேட்டுவிட்டேன். அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே" என்றார்.

கற்றுக்கொள்கிறேன். அது என்ன கப்பலா?

21 மார்ச்

கப்பலேதான் போலிருக்கிறது. கதவைத் திறந்ததும் கையோடு வந்துவிட்டது. உள்ளே பார்த்தால் மரம்! வெளியேதான் தகரம், உள்ளே கூடு முழுக்க மரச்சட்டம், எல்லாம் கரையான் தின்ற மிச்சம். கார் மெக்கானிக்குகள் மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு டில்லிபாபு ஞாபகம் வந்தது. காசிமேட்டில் படகு கட்டுகிறவர். நம் கடையில்தான் பெயிண்டு, ரெசின் எல்லாம் வாங்குவார். வந்தார், குனிந்தார், விரலால் தட்டினார், சிரித்தார்.

"யக்கா, இது காரே இல்ல. கூடு கட்டி மேல தகரம் அட்ச்சி வெச்சிகிறான். சக்கரம் வெச்ச படகுக்கா இது. எம்மா நாள்னு சொல்லு, கட்டிக் குட்த்துர்றேன்."

28 ஏப்ரல்

வண்டி இப்போது டில்லிபாபுவின் பட்டறையில், ரெண்டு விசைப்படகுக்கு நடுவில். என்ஜின் மட்டும் நம் குடோனில். அதை வீட்டுக்காரர் கழற்றிப் பரப்பி வைத்திருக்கிறார், திருப்பிப் பூட்டுவாரா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

பெயிண்ட் சுரண்டுகிற வேலை என்னுடையது. மேலே ரெட் ஆக்சைடு, துருவுக்கு அடிக்கிற செங்காவி, பிரஷ்ஷால் அவசர அவசரமாக அடித்தது. அது லேசில் பெயர்வதாக இல்லை. துரை காலத்துக் கலர் என்ன, மண்டிக்காரர் காலத்துக் கலர் என்ன என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. பெயிண்ட் கடைக்காரிக்கு வேறு எப்படி வரலாறு தெரியும்?

16 மே

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முதல் பாடம். மாஸ்டர் என் காலைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

2 ஜூன்

பெயர் மாற்ற வேண்டுமென்றால், கடைசி உரிமையாளர் கையெழுத்து வேண்டுமாம். அது இல்லாமல் வண்டி ரோட்டில் இறங்காது. ஒரு புரோக்கர் வந்தான். "அந்தம்மா இந்நேரம் போய்ச் சேந்திருக்கும்க்கா. கையெழுத்த நாமளே போட்டுக்கலாம்." உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஒருவரைக் கொல்வதற்கு அவனுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. போ என்று அனுப்பிவிட்டேன்.

11 ஜூன்



காலையில் கதவுத் தகரத்தை ஒருவழியாக அடிவரை சுரண்டினேன். ரெட் ஆக்சைடுக்குக் கீழே பச்சை. அதற்குக் கீழே கிரீம், அதற்கும் கீழே கறுப்பு. கறுப்பு துரை, கிரீம் மண்டிக்காரர். அப்படியானால் பச்சை அந்த ஜானட். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த பச்சை இது. எந்தக் கம்பெனி அட்டையிலும் கிடையாது. ஒரு லிட்டர் கரும்பச்சையில் ரெண்டு ஸ்பூன் கறுப்பு — என் கையால் ஒன்பது வருஷமாகக் கலந்து கொடுக்கிறேனே!

வருஷா வருஷம் சர்ச் திருவிழாவுக்கு முன்னால் வந்து, "ரெண்டு ஸ்பூனு, மூணு இல்ல" என்று கவுண்டரில் நின்று அதட்டி, வீட்டு கேட்டுக்கு வாங்கிப்போகிற ஆண்ட்டி. நான் பச்சை பெயிண்ட் ஆண்ட்டி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். பெயர் கேட்டதே இல்லை.

சாயங்காலம் சொல்லி வைத்தாற்போல் வந்து நின்றார். கலந்து கொடுத்தேன். "ஆண்ட்டி, உங்க பேரு?"

"இத்தினி வருசம் கய்ச்சி இப்பதான் கேக்கத் தோணிச்சா? ஜானட்."

வண்டியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

12 ஜூன்

சொல்லவில்லை.

19 ஜூன்

இன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? கையெழுத்துப் போட மாட்டேன், வண்டியைக் கொடு என்று கேட்டுவிட்டால்? அந்தப் பயம்தான். குடோனை வாங்கினோம், உள்ளே இருந்தது நம்முடையது, நியாயம் நம் பக்கம். நியாயம் நம் பக்கம் என்றால் ஏன் ராத்திரி சோறு இறங்கவில்லை? அந்தப் புரோக்கர் டீ குடித்து முடிப்பதற்குள் செய்யப் பார்த்ததை நான் ஒரு வாரமாகச் செய்துகொண்டிருக்கிறேன். சீ, என்ன பிழைப்பு இது!

20 ஜூன்

ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பச்சை கேட், பெயிண்ட் காயவில்லை, சேலையில் அப்பிக்கொண்டது. எல்லாம் சொன்னேன், புரோக்கர் சொன்னதையும் சேர்த்து.

"இன்னா மேன், நான் இன்னா செத்தா பூட்டேன்? இங்கயேதான கீறேன், மூணாவது தெருவுல!" ஆணோ பெண்ணோ, அவருக்கு எல்லாரும் 'மேன்'தான்.

பிறகு புத்தகத்தை வாங்கித் தன் பெயரைத் தடவினார். எழுபத்தாறு வயது. துறைமுக ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தபோது சொந்தச் சம்பளத்தில் வாங்கியதாம். மண்டிக்காரர் மகன்களுக்கு வயிறு வளர்ந்து வண்டிக்குள் நுழைய முடியாமல் போனதால் சல்லிசாகக் கிடைத்ததாம்.

"டாடி அத வித்துட்டேன்னு சொன்னாரு. என்கூட எண்ணூர் பீச்சுக்கு வந்துகினு இருந்த ஆள டாடிக்குப் பிடிக்கல, அதான். இப்பத்தான தெரீது, வித்தது இல்ல, ரெட் ஆக்சைடு அட்ச்சி தோஸ்து குடோன்ல ஒளிச்சி வெச்சிகிறாரு! ஆளு போனா போறான், வண்டி போச்சேன்னு ஒரு வாரம் அழுதேன் நானு. அப்பால வூட்டு கேட்டாவது அந்தக் கலர்ல இருக்கட்டும்னு..."

கையெழுத்து என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"நான் விக்கவே இல்லியே. அப்பறம் எதுக்குக் கையெழுத்து?"

எழுந்து வந்துவிட்டேன். வழி நெடுக எனக்கு அழுகை. வீட்டுக்காரர் கடை வாசலிலேயே நின்றிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அந்த அம்மா சொல்லுதது சரிதான?" என்றார். சரிதான். சரியாக இருப்பதால்தான் அழுகிறேன்.

7 ஜூலை

ஜானட் ஆண்ட்டி தினமும் பட்டறைக்கு வந்துவிடுகிறார். பிளாஸ்டிக் நாற்காலி, குடை, பிளாஸ்கில் டீ. டில்லிபாபுவை உருட்டி எடுக்கிறார். "இங்க ஒரு வளைவு இருந்திச்சி, நேரா அட்ச்சிகினு கீற!" டில்லிபாபு என்னிடம் ரகசியமாக, "யக்கா, இந்த ஆண்ட்டி கையில மட்டும் ஒரு படகு குட்த்தா சிலோனையே புட்ச்சிரும்" என்றார்.

வேலையை நிறுத்திவிடலாமா என்று நான் யோசித்தது உண்மை. யாருக்காக முதுகொடிவது? ஆனால் அந்தச் சட்டங்கள் ஒவ்வொன்றாக எழும்பி நிற்பதைப் பார்த்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

27 ஆகஸ்ட்

லைசென்ஸ் வாங்கிவிட்டேன்! எட்டு போட்டேன், ஒரு இடத்தில்கூட காலைத் தரையில் ஊன்... அது ஸ்கூட்டருக்கு. கார் எட்டு! மாஸ்டர் இந்தத் தடவை கண்ணைத் திறந்தே உட்கார்ந்திருந்தார். ஜானட் ஆண்ட்டிக்குத்தான் முதலில் போன் செய்தேன். ஏன் அவருக்கு என்று தெரியவில்லை.

29 செப்டம்பர்

என்ஜின் உறுமியது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை என் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. மேஜையில் ரெண்டு நட்டு மிச்சம். கேட்டால், "அது சும்மா ஸ்பேருக்கு" என்கிறார்.

15 அக்டோபர், செவ்வாய்

விடிய விடிய மழை. பட்டறைக் கூரைத் தார்ப்பாய் பறந்துவிட்டது. காலையில் நானும் வீட்டுக்காரரும் முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ப் பார்த்தால், வண்டிக்குள்ளே கதவு விளிம்பு வரை தண்ணீர். தொட்டி போல நிற்கிறது. கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை. டில்லிபாபு பலகைக்குப் பலகை நூல் திணித்து, ரெசின் ஊற்றி, விசைப்படகுக்குச் செய்கிற மாதிரியே அடைத்து வைத்திருக்கிறார்!

தலையில் கை வைத்தபடி நான். டில்லிபாபு முகத்திலோ பெருமை. "பாத்தியாக்கா? ஒரு சொட்டு? யாரு கட்டினது!"

"அட மேன், படகுன்னா தண்ணி உள்ள வரக் கூடாது, காருன்னா வெளிய போணும் மேன்!" என்று ஆண்ட்டி சொன்னார். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் இருமல் வரும்வரை நிறுத்தவில்லை. நானும்தான். நாலு பேரும் பக்கெட்டால் மொண்டு ஊற்றினோம். நல்லவேளை, சீட்டு இன்னும் தைத்து வரவில்லை.

16 அக்டோபர்

அடியில் நாலு ஓட்டை போட்டாயிற்று. டில்லிபாபு போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் கட்டினதுல நானே ஓட்ட போட்றேன், யாராண்டயும் சொல்லிராதக்கா."

8 டிசம்பர், ஞாயிறு

பச்சை அடித்தாயிற்று. ரெண்டு ஸ்பூன், மூன்று இல்லை.

பட்டறையிலிருந்து எதை வெளியே இறக்கினாலும் அங்கே ஒரு வழக்கம். தேங்காய் உடைத்து, பால் தெளித்து, ஓனர் முதலில் வலது காலை வைத்து ஏற வேண்டும். டில்லிபாபு மஞ்சள் பூசி மாலை போட்டு, படகுக்கு நிற்கிற மாதிரியே பயபக்தியாக நின்று, "ஓனரு ஏறுங்க" என்றார்.

ஆண்ட்டி குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியையே பார்த்தார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். டில்லிபாபு என்னைப் பார்த்தார். என் வலது கால் முன்னே போகத் துடித்தது, பொய் சொல்லவில்லை. மாதக்கணக்கில் சுரண்டிய கை இது. நகக்கண்ணில் இன்னும் ரெட் ஆக்சைடு இருக்கிறது.

ஆனால் அந்த ஆர்.சி. புத்தகத்தில் அவர் விரல் தடவிய இடம் என் கண்ணில் நின்றது. சொந்தச் சம்பளத்தில் வாங்கி, தன் பெயரில் இருந்த ஒன்றை அப்பாவே எடுத்து ஒளித்து வைத்தார் — அதை இன்னொரு பெண்பிள்ளை நான் செய்வேனா?

"ஆண்ட்டி, ஏறுங்க. வலது கால்" என்றேன்.

ஏறினார். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தார். பிறகு நகர்ந்து பக்கத்து சீட்டுக்குப் போனார், முட்டி மடங்காமல் கஷ்டப்பட்டு. "எனுக்குக் கண்ணு சரியா தெரீல மேன். இன்னா நின்னுகினு கீற? வா, ஓட்டு."

20 டிசம்பர்

ஆர்.டி.ஓ. ஆபீஸ். வண்டியைச் சோதனைக்குக் காட்டி, ஆண்ட்டி பெயரிலேயே புதுப்பிக்க விண்ணப்பம். நான்காவது கட்டத்தைப் பற்றி இனி நினைப்பதில்லை என்று முடிவு. கொஞ்சம் நினைத்தேன்.

படிவத்தை அவரே நிரப்பினார். ஒரு இடம் வந்ததும், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். எட்டிப் பார்த்தேன். "காப்பி அடிக்காத" என்றார்.

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

நேற்று தபாலில் ஆர்.சி. வந்தது. இன்று காலை எண்ணூர் போனோம், நானும் ஆண்ட்டியும். திருவொற்றியூர் தாண்டியதும் இருபக்கமும் கன்டெய்னர் லாரி, ஒவ்வொன்றும் வீடு உயரம். ஒரு டிரைவர் மேலிருந்து எட்டிப் பார்த்து ஹாரன் அடித்தார். ஆண்ட்டி ராணி மாதிரி கையை ஆட்டினார். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரிந்ததும், "இதெல்லாம் அப்ப இத்தினி கிடையாது, நாங்களும் கடலும்தான்" என்றார். வருத்தமெல்லாம் இல்லை. முகத்துவாரத்தில் நிறுத்தி, பொரித்த வஞ்சிரம் சாப்பிட்டோம்.

அங்கே வைத்துத்தான் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். அன்று எழுதிய படிவத்தின் நகல். உரிமையாளர்: ஏ. ஜானட். அதற்குக் கீழே, உரிமையாளருக்குப் பின் வண்டி யாருக்கு என்ற கட்டம். நாமினி: ஞானசெல்வி. உறவு என்று கேட்ட இடத்தில் முதலில் 'டிரைவர்' என்று எழுதி, அடித்துவிட்டு, மேலே 'தங்கச்சி' என்று எழுதியிருக்கிறார்.

அங்கேயே அழுதேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது? ஆண்ட்டி — இல்லை, அக்கா — மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "எனுக்கு இன்னும் இருபது வருசம் கீது, ரொம்ப சந்தோசப்படாத" என்றார்.

டிரைவர் என்பதை அடித்ததில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். நான் நல்ல டிரைவர்.