பிரசவ கேஸ் என்று சொன்னேன்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே வெயில். அம்மாவுக்கு மறுபடி ரத்தம் ஏற்ற வேண்டும். ஓ நெகட்டிவ். ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் இல்லை. ரத்தப் புற்றுநோய்க்கு இனி மருந்து கிடையாது என்று போன மாதமே சொல்லிவிட்டார்கள். இன்று டாக்டரம்மா: "ஏத்தினா ரெண்டு நாள் தெம்பா இருப்பாங்க. அவ்ளோதாம்மா. வேணுமான்னு பேசிக்குங்க."

அப்பா யாரிடமும் பேசவில்லை. "ஏத்துங்க" என்றார்.

ரத்த வங்கி அக்கா கொடுத்த சீட்டில், அந்த குரூப் ரத்தம் கொடுப்பவர்கள் ஐந்து பேரின் நம்பர். அப்பாவுக்குப் போனில் அழுகை வந்துவிடும். அதனால் நான். பள்ளியில் வருகைப் பதிவுக்கே வாய் திறக்காதவள், பத்தாவதோடு நின்றவள்.

1. எடுக்கவில்லை.
2. போன மாதம்தான் கொடுத்தாராம்.
3. "கடைசி ஸ்டேஜா? அப்ப எதுக்கும்மா வீணா? பிரசவ கேஸுன்னா ஓடியாருவேன்."
4. சுவிட்ச் ஆஃப்.
5. பிரசவ கேஸ் என்று சொன்னேன். வாலாஜாபாத்தில் செருப்புக் கடை வைத்திருக்கும் பாய். நாளைக்கு வருகிறார்.

ஜூலை 9, புதன்

பாய் வந்தார். கொடுத்தார். ஜூஸ் குடித்தார். பையிலிருந்து பேரீச்சம்பழப் பொட்டலம் எடுத்தார். "பிள்ள பெத்தவங்களுக்கு நல்லதும்மா. என்ன கொழந்த?"

தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

கையில் வைத்த பஞ்சைக் கொஞ்ச நேரம் அமுக்கிக்கொண்டிருந்தார். "நெஜத்த சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேன். அதுக்காகப் பொய் சொல்றதா?" பொட்டலத்தைத் திருப்பி வாங்கவில்லை. போய்விட்டார்.

சாயந்திரம் ஏற்றினார்கள்.

ஜூலை 10, வியாழன்

அம்மா தானே தலை வாரினாள். இரண்டு இட்லி. பக்கத்துக் கட்டில் அக்காவிடம், "உன் வூட்டுக்காரரு தெனம் வர்றது உன்னப் பாக்கவா, என்னப் பாக்கவாடி?" வார்டே சிரித்தது.

யார் கொடுத்தது என்று கேட்டாள். சொன்னேன். பொய்யையும்.

அம்மாவுக்கு நகம் வெட்ட வேண்டும். துண்டு துவைக்க வேண்டும்.

ஜூலை 12, சனி

அம்மா முகத்தில் மறுபடி வெளுப்பு. அப்பாவின் தறி முதலாளி ஆள் அனுப்பினார். கல்யாணப் புடவை தறியில் பாதியில் நிற்கிறது. அப்பா போகவில்லை.

அம்மா: "இனிமே யாருக்கும் போன் பண்ணாத பாப்பா. ஏத்தி ஏத்தி ஒவ்வொரு வாட்டியும் மொதல்லேந்து விழறேன். நெஜமாவே ஒரு பிரசவக்காரி காத்துக்கினு இருப்பா."

அப்பா: "அவ கெடக்கறா. சீட்ட எடு."

வீட்டில் வைத்துவிட்டேன் என்றேன். பையில்தான் இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

மழை. சாரல் அடித்ததால் கட்டிலை நகர்த்தினோம். அம்மா தூக்கம்தான்.

பாயே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன். "அம்மா எப்படி இருக்காங்க? நான் மூணு மாசத்துக்குக் குடுக்க முடியாது. என் தங்கச்சியும் இதே குரூப்புதான். கடைசி ஸ்டேஜுன்னு சொல்லிட்டேன். தெரிஞ்சேதான் வரேங்குது. அனுப்பட்டுமாம்மா?"

அப்பா என்னையே பார்த்தார்.

"வேணாம் பாய்" என்றேன்.

அப்பா போனைப் பிடுங்கவில்லை.