ஒப்பமில்லாத திருத்தம்

பத்து விரலுக்கும் பாரபட்சமில்லாமல் வேலை கொடுத்த என் அப்பாவுக்கு,

மணி மூன்றே கால். ஐந்தரைக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். சபை மண்டபத்திலிருந்து இருபது நாற்காலிகள் வந்து முன்னறையை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அம்மா உங்கள் படத்தை மூன்றாவது தடவையாகத் துடைத்துப் பியானோவின் மேல் வைத்திருக்கிறாள். இன்றைக்கு நீங்கள் போய் ஒரு வருஷம். பாட்டு, வேத வாசிப்பு, பாஸ்டர் ஐயாவின் ஜெபம், அப்புறம் நீங்கள் பியானோவில் பழகிய சொனாட்டாவை நான் வாசிக்க வேண்டும். அம்மாவின் ஏற்பாடு.

பயமாக இருக்கிறது. விரல் தடுமாறும் என்ற பயம் இல்லை. உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அம்மாவிடமும் இன்னும் சொல்லவில்லை. இன்னும் இரண்டே கால் மணி நேரம்தான்.

உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி சபையின் மாத இதழில் கேட்டிருக்கிறார்கள். 'அன்பும் பண்பும் நிறைந்த' என்று ஆரம்பிப்பேன் என்று எதிர்பார்ப்பார்கள். அவர்களுக்கு இதையே கொடுத்துவிடப் போகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொக்கிரகுளத்தில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்த மனுஷனுக்கு நாற்பத்தாறு வயதில் பியானோப் பித்து பிடித்தது. மிஷன் பங்களாவை இடிக்கப் போகிறார்கள், உள்ளே கிடக்கும் பியானோவை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றதும், சேரன்மகாதேவியிலிருந்து வாழைத்தார் ஏற்றிவந்த லாரியைத் திரும்பும் வழியில் மடக்கி, அதில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். பாளையங்கோட்டையில் நம் தெருவே வேடிக்கை பார்த்தது. ஒரு வாரம் வரைக்கும் பியானோவுக்குள் வாழைச்சருகு வாசனை. மழைக்காலத்தில் விரலால் அழுத்தும் கட்டைகள் ஊறி ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, உள்ளே ஒரு நாற்பது வாட் பல்பை எரியவிட்டீர்கள். எனக்குப் படிக்க டியூப் லைட் ஒன்று, பியானோவுக்குத் தனி பல்ப் ஒன்று.

அதோடு ஒரு புத்தகமும் வந்தது. மூன்று பகுதி கொண்ட ஒரு சொனாட்டா, 'எளியது' என்று அட்டையிலேயே போட்டிருந்தது. அப்படிப் போட்டவர்களுக்கு நம் வீட்டு விலாசம் தெரியாது. பங்களாவில் முன்பு இருந்த வெள்ளைக்கார டீச்சரம்மா எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று சாய்ந்த பென்சில் எழுத்தில் குறித்து வைத்திருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பகுதியில் இறங்கினீர்கள், அது மெதுவானது என்பதால். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து, காப்பி குடித்து, வலக்கை தனியாக, இடக்கை தனியாக. ஒரு வரி முடிந்தால் உங்கள் இடக்கை தானாக எழுந்து, இல்லாத தட்டச்சுப் பொறியின் நெம்புகோலைத் தள்ளிவிட்டுத்தான் அடுத்த வரிக்கு வரும்.

"இது சொனாட்டாவா, சொன்னா கேட்டாவா? நீங்க சொன்னா வெரலு கேக்க மாட்டேங்கே" என்பேன்.

"ஏளா, வாயை மூடிக்கிட்டு இரு. ஒரு வரி வந்துட்டா ஒரு வரம் வந்த மாதிரி."

வாய் எனக்கு எங்கிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும்.

இப்போது அந்த விஷயம். நீங்கள் போவதற்கு முந்தின மே மாத லீவு. சபைப் பாடகர் குழுவில் எனக்குச் சுரக்குறி படிக்கக் கொஞ்சம் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கொஞ்சம் தெரிந்தவளிடம் பென்சில் இருந்தால் என்ன ஆகும்? இரண்டாம் பகுதியில் இடக்கை ஓய்ந்து வலக்கை மட்டும் இறங்கி வருகிற ஓர் இடம் உண்டு. அங்கே ஒரு சுரத்துக்கு முன்னால், டீச்சரம்மாவின் அதே சாய்வில், அரைப்படி இறக்கச் சொல்லும் ஃபிளாட் குறியைப் போட்டேன். நீங்கள் வாசிப்பீர்கள், காது கூசும், "ஏளா பியூலா" என்று கத்துவீர்கள், நான் ஓடுவேன். திட்டம் அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் கத்தவில்லை. அதுவரை சிரித்துக்கொண்டு வந்த பாட்டு அந்த இடத்தில் தொண்டை அடைத்த மாதிரி ஆனது. அந்தக் கட்டையிலேயே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். பிறகு புத்தகத்தைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தீர்கள்.

"அச்சுல பிழை இருந்திருக்கு. டீச்சரம்மா திருத்தியிருக்காங்க. ஆனா ஒப்பம் போடலியே."

அது உங்கள் ஆபீஸ் வழக்கம். வரைவில் சூப்பிரண்டு பென்சிலால் திருத்திவிட்டால் அதுதான் முடிவு, தட்டச்சர் கேள்வி கேட்பதில்லை. திருத்தினவர் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. வேறு யாராக இருந்தாலும் காதை நம்பியிருப்பார்கள். நீங்கள் பென்சிலை நம்பினீர்கள்.

அம்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினீர்கள். ஈரக்கையோடு வந்து நின்ற அம்மா, "இந்த எடம் என்னமோ பண்ணுதுங்க" என்றாள். அன்றைக்கே அது அவளுடைய இடமாகிவிட்டது. அரிசி களையும்போதும் அதைத்தான் முனகினாள், என் ஃபிளாட்டோடு சேர்த்து.

ஒரு மணி நேரத்தில் சொல்லியிருந்தால் கேலி. மறுநாள் சொல்லியிருந்தால் குறும்பு. ஒரு மாதம் கழித்துச் சொன்னால் அதற்கு என்ன பெயர்? ஒவ்வொரு நாளும் நீங்கள் அந்த இடத்தை இன்னும் அழகாக வாசித்தீர்கள், ஒவ்வொரு நாளும் என் வாய் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. மழையில் ஊறிய கட்டை மாதிரி. எனக்குள் பல்ப் வைக்க ஆள் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சபையில் ஆர்கன் வாசிக்கிற செல்லையா அண்ணாச்சியும் அவர் மனைவி ராஜாத்தி அக்காவும் பலகாரம் சாப்பிட வந்தார்கள். நீங்கள் வாசித்தீர்கள். அந்த இடம் வந்ததும் அண்ணாச்சி முறுக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"என்ன வே ஞானராஜ், நடுவுல பூனை குறுக்க ஓடுது?"

நீங்கள் புத்தகத்தைக் காட்டினீர்கள்.

"பென்சிலு யாரு வேணும்னாலும் போடலாம் வே. காது எங்க போச்சு? ஆபீஸ்ல அடகு வச்சிட்டீரா?"

எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், ஆனால் காது மடல் சிவந்திருந்தது. அப்போது சொன்னீர்கள்: "ஒப்பமில்லாத திருத்தம்தான் அண்ணாச்சி. போட்டவங்க ஒரு நாள் வந்து ஒப்பம் போடுவாங்க."

சொல்லும்போது நீங்கள் என்னைப் பார்த்தீர்களா, எனக்குப் பின்னால் தொங்கிய காலண்டரைப் பார்த்தீர்களா? ஒரு வருஷமாக யோசிக்கிறேன்.

அதற்குப் பிறகும் வாசித்தீர்கள். ஆனால் அந்த இடத்துக்கு வரும்போது ஒரு கணம் நின்று, பைய, கட்டைக்கு வலிக்குமோ என்பது போல் தொட்டீர்கள். இரண்டு மாதம் கழித்து ஆபீஸில், பாதி அடித்த தாளின் முன்னால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். நான் சொல்வதற்கு இருந்த அவகாசம் அத்தோடு முடிந்தது.

அம்மா அழுது முடித்ததும் கோபப்பட்டாள். கோபம் அண்ணாச்சி மேல். "அவுக ஆசையா வாசிச்சதை நாலு பேர் முன்னால கேலி பண்ணுன மனுஷன்." ஒரு வருஷமாக அந்த வீட்டோடு பேச்சு கிடையாது. சபைக் கோவிலில் ராஜாத்தி அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அம்மா எழுந்து வேறு வரிசைக்குப் போய்விடுவாள். ஒரு சின்னப் பென்சில் குறி இரண்டு வீட்டுக்கு நடுவே மதில் கட்டும் என்று யார் நினைத்தார்கள்?

ஐப்பசி மழையில் பல்ப் அணைந்துபோனது. மாற்றுவதற்காகத் திறந்தவள் வாசிக்க உட்கார்ந்துவிட்டேன். முதல் வரிக்குப் பத்து நாள். வலக்கை வந்தால் இடக்கை போய்விடும். ஒரு நாள் சாயங்காலம் இரண்டும் சேர்ந்து நடந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்பா, யாரையும் ஏமாற்றாமல் வந்த சிரிப்பு. நீங்கள் சொன்ன வரம் இதுதானா?

ஆனால் இன்று காலையில் சுண்டலுக்குக் கடலையைக் களைந்துகொண்டே அம்மா சொன்னாள்: "அண்ணாச்சி வீட்டையும் கூப்பிட்டிருக்கேன். வந்து கேக்கட்டும். அவுக வாசிச்ச மாதிரியே வாசிக்கணும், என்னளா? அந்த எடத்துல எதையும் மாத்திராத."

"அம்மா, அந்த எடம் வந்து…"

"என்ன?"

"ஒண்ணுமில்ல. கட்டை ஒட்டுது."

சரியான சுரத்தை வாசித்தால் நாலு பேர் முன்னால் அம்மாவைக் குத்தின மாதிரி. ஃபிளாட்டோடு வாசித்தால் உங்கள் படத்துக்கு முன்னால் இன்னொரு தடவை பொய். மணி நான்கரை. பாவாடையை மாற்றச் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

*

இப்போது மணி ஏழே முக்கால். நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வாசித்தேன். தாளம் ஓர் இடத்தில் நொண்டியது, சமாளித்தேன். அந்த இடம் வந்தது. விரல் நீங்கள் வாசித்துப் பழகிய கட்டைக்கே போனது. ஃபிளாட். அண்ணாச்சி சிரிப்பார் என்று முதுகை விறைத்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சுரம் அடங்கும் முன்னே அம்மாவின் குரல்.

"கேட்டியளா அண்ணாச்சி? எம் மக எதையும் மாத்தல."

அவர் தலை இன்னும் குனிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

"அம்மா, அதை மாத்துனது நான்."

"என்னளா சொல்லுத?"

"அந்தப் பென்சில் குறி. டீச்சரம்மா போட்டதில்ல. கேலிக்கு நான் போட்டேன். அப்பா கண்டுபிடிச்சிருவாகன்னு நெனைச்சேன். அண்ணாச்சி சொன்னது சரி."

பாஸ்டர் ஐயா தொண்டையைச் செருமினார். அம்மா என்னைப் பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்காமல் உள்ளே போனாள்.

அண்ணாச்சி எழுந்து வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு குறியைக் குனிந்து பார்த்தார். "அச்சு அசலாத்தான் போட்டிருக்க. நானுமே அன்னைக்கு அவர்ட்ட தனியா சொல்லியிருக்கணும்ளா. எல்லாரு முன்னாலயும் சிரிச்சிட்டேன்."

அம்மா காப்பித் தட்டோடு வெளியே வந்தாள். நேராக ராஜாத்தி அக்காவிடம் போனாள். "எடுத்துக்கோங்கக்கா. சீனி போதுமான்னு பாருங்க." ஒரு வருஷத்துக்குப் பிறகு அவ்வளவுதான் சொன்னாள். ராஜாத்தி அக்கா தம்ளரை விட்டுவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் காப்பி வரவில்லை.

எல்லாரும் போன பிறகு அம்மா பியானோவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சரியானதை வாசி."

வாசித்தேன். அந்த இடத்தைப் பாட்டு சிரித்த முகத்தோடேயே கடந்துபோனது.

"இவ்வளவுதானா?" என்றாள். "அவுகளதை வாசி." வாசித்தேன். பிறகு மறுபடி சரியானதை. எத்தனை தடவை மாற்றி மாற்றி வாசித்தேன் என்று தெரியவில்லை. அவள் கண்ணைத் துடைக்கவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை.

"அழிச்சிரட்டாம்மா?" ரப்பரை எடுத்தேன்.

"வேண்டாம். ஒம்பது மாசம் அவுக வாசிச்சது அது." உங்கள் மேசை டிராயரைத் திறந்து, நீங்கள் ஆபீஸுக்குக் கொண்டுபோன மைப்பேனாவைக் கொண்டுவந்து நீட்டினாள். "திருத்துனவங்க ஒப்பம் போடணும்னு சொல்லுவாகல்ல? போடு."

போட்டேன், அப்பா. பென்சில் குறிக்குப் பக்கத்தில், நீல மையில், சின்னதாக. போடும்போதுதான் கவனித்தேன், என் சுருக்கொப்பத்தின் முதல் எழுத்தான 'ஞா' உங்கள் பெயருடையது. அப்படியென்றால் அந்தத் திருத்தத்தில் இனி நீங்களும் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். அன்றைக்கு என்னைத்தான் பார்த்தீர்கள் என்று வைத்துக்கொள்ளட்டுமா?

அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் சமையலறையில் முனகுகிறாள். இரண்டில் எது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன். அந்த இடம் வரும்போதெல்லாம் நிறுத்திவிடுகிறாள்.

மற்ற இரண்டு பகுதிகளையும் படித்துவிடுவேன், வேகமான கடைசிப் பகுதியையும். மழைக்காலத்தில் பல்பை அணையவிட மாட்டேன். இனி எதையாவது மாற்றினால் அன்றைக்கே ஒப்பம் போடுவேன். இன்னொன்று: ஒரு வரி முடிந்ததும் என் இடக்கையும் தானாக எழுந்து நெம்புகோலைத் தள்ளுகிறது. அதை மட்டும் திருத்தப்போவதில்லை.

குறும்பும் விரலும் உங்களிடமிருந்தே பெற்ற மகள்,
ஞா. பியூலா