வயது ஏற்றிய வாள்

மார்ச் 4, புதன்

தரகர் ஒருவர் இன்று கோணிப்பையில் ஒன்பது கெரிஸ் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார். ஜாவா நாட்டு வாள்களாம், எல்லாம் அரண்மனைச் சரக்காம். ஒன்பதும் போலி. நிஜ கெரிஸில் அலகு ஒரு இரும்பு. பிடிக்கு மேலே உள்ள அகலத் துண்டு வேறு இரும்பு. தனியாக அடித்துப் பொருத்துவார்கள். இவற்றில் பொருத்தே கிடையாது, ரம்பத்தால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடுகூட நேராக இல்லை. ஏமாற்றுவதிலும் சோம்பேறித்தனம்! பழசாகக் காட்ட ஊற்றிய அமிலத்தின் நாற்றம் கையில், சோப்புப் போட்டும் போகவில்லை.

பழம்பொருள் கடை அக்கா வீட்டுக்காரர் அத்தானுடையது, வயதுச் சான்றிதழ் எழுதுவது என் வேலை. "பழசுன்னு எழுதிக் குடுத்தா உன் விரல் தேஞ்சா போயிடும்?" என்றார். எழுதவில்லை.

மார்ச் 6, வெள்ளி

அப்பாடா, ஒரு நிஜம். கப்பலில் இன்ஜினியராக இருந்து போன வருடம் இறந்தவரின் மனைவி, குளியல் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். நீளமான கெரிஸ். லென்ஸில் பார்த்தால் மடித்து மடித்து அடித்த இரும்பின் வரிகள், விளிம்பைத் தாண்டி மறுபக்கமும் ஓடுகின்றன. போலியில் மேல்தோலோடு நின்றுவிடும். மாதம் தவறாமல் எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். இருநூறு வருடம் இருக்கும் என்றேன்.

"எங்க வீட்டுக்காரரைவிட இதுக்கு ஆயுசு கெட்டி" என்று சிரித்தார். மகன் வீட்டுக்குக் குடிபோகிறாராம். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் வாள் எதற்கு என்கிறாளாம் மருமகள். விற்றுத் தரச் சொல்லி, "பத்திரம்மா" என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மார்ச் 10, செவ்வாய்

அத்தான் அந்த வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நேத்து அடிச்ச மாதிரி இருக்கு. எவன் நம்புவான்?"

"நல்லா வெச்சிருந்திருக்காங்க அத்தான்."

"வாங்குறவனுக்குத் துரு வேணும்மா."

மார்ச் 12, வியாழன்

ஜுரம். கடைக்குப் போகவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

சீ.

கடைக்குப் பின்னால் பட்டறையில் பாலிஷ்காரரின் பிளாஸ்டிக் வாளி. அதற்குள் அமிலத்தில் அந்த கெரிஸ். "முதலாளி ரெண்டு நாள் ஊறட்டும்னார். நான் மூணு நாள் போட்டேன்" என்கிறார் மனுஷன், பெருமையாக! அலகு முழுக்க அம்மைத் தழும்பு. வரிகள் போச்சு. பொருத்து வாயைத் திறந்துவிட்டது, அகலத் துண்டு பால்பல் மாதிரி ஆடுகிறது. போலியை நிஜமாக்குவதைப் பார்த்திருக்கிறேன். நிஜத்தைப் பிடித்துப் போலி மாதிரி ஆக்கி, அதை நிஜம் என்று விற்பது — இது என்ன மூளை? இவர்களோடா நான் இத்தனை வருஷம் ஒரே மேஜையில் டீ குடித்தேன்?

"பழசுன்னு எழுது. அது பொய்யா? நீதானே சொன்னே" என்கிறார் அத்தான். பொய் இல்லை. அதுதான் கொடுமை.

மாலையில் அக்கா போன். "எழுதிக் குடுத்துடேன். வீட்ல எங்கிட்டதான் குதிக்கிறார். இரும்புதானேடி."

இரும்புதானாம்.

மார்ச் 20, வெள்ளி

வாள் கொடுத்த அந்தம்மா, அதை விற்குமுன் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வந்தார். பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இது எங்களோடது இல்ல. மாத்திட்டீங்க." அத்தானைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார்.

அத்தான் குழைந்தார். "க்ளீன் பண்ணியிருக்கோம்மா, அவ்வளவுதான்."

"நீ சொல்லும்மா. இது அதுவா?"

"அதேதாம்மா. அமிலத்துல போட்டுட்டாங்க."

"எதுக்கு?"

"பழசாத் தெரியறதுக்கு."

"அதான் பழசாச்சே!"

சான்றிதழை அவர் எதிரிலேயே எழுதினேன்: வாளின் வயது சுமார் இருநூறு வருடம், அரிப்பின் வயது ஒரு வாரம், இந்தக் கடையில் ஏற்பட்டது. அத்தான் கிழித்தார். இன்னொன்று எழுதினேன். அதையும் கிழித்தார். மூன்றாவதை அந்தம்மா கையிலேயே கொடுத்துவிட்டேன். வாளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். கதவைத் திறந்துவிட நீட்டிய என் கையை விலக்கிவிட்டுத்தான் போனார். அது நியாயம்தான். பின்னாலேயே நானும் இறங்கிவிட்டேன்.

மார்ச் 28, சனி

வேலை தேடுகிறேன். நாற்றம் இன்னும் மூக்கில்.

ஏப்ரல் 9, வியாழன்

அக்கா வந்தாள். லென்ஸ் கடைக்காசில் வாங்கியது, திருப்பி வாங்கி வரச் சொன்னாராம் அத்தான்.

"யாருக்கு?"

"பாலிஷ்காரருக்கு. இனிமே அவர்தான் வயசு எழுதப்போறார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. லென்ஸை எடுத்து நீட்டினேன், அவள் வாங்கவில்லை. கையிலிருந்து ஒரு வளையலைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கல்யாணத்துக்கு அத்தான் போட்டது. நூறு வருஷத்துச் சாமான் என்று ஊரையே கூட்டிக் காட்டியது.

"பாத்துச் சொல்லு" என்றாள்.

பார்த்தேன். அதே அமிலத் தழும்பு. சொன்னேன்.

டீ போட்டுக் கொடுத்தேன், குடித்தாள். மழை வரும்போலிருக்கிறது என்று கிளம்பினாள். லென்ஸை எடுத்துக்கொண்டாள். வளையல் இன்னும் என் மேஜையில்தான் கிடக்கிறது.