கபாடித் தராசில் நம் பெண்

இன்று காலை பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரர் வந்திருந்தார். எனக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது; இம்மாதக் கடைசியில் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பழைய பேப்பரை எல்லாம் போட்டு முடித்துவிடலாம் என்று பரணில் இருந்தவற்றை இறக்கினேன். அவர் இரும்புத் தராசைத் தூக்கிப் பிடித்ததும் கீச்சென்று ஒரு சத்தம். அதைக் கேட்டபடியே ஒரு காக்கி உறையை உதறினேன். உள்ளேயிருந்து அந்த கிராஃப் தாள் என் காலடியில் விழுந்தது. நீ கண் மூடிய இந்த மூன்று வருடத்தில் உனக்கு எழுதத் தோன்றியது இதுதான் முதல் தடவை.

நம் பெண் பிறந்தது நல்ல குளிர்காலம். ஆஸ்பத்திரியில் எடுத்த எடை இரண்டே முக்கால் கிலோ. வாரா வாரம் எடை பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். டிஸ்பென்சரியிலோ குழந்தைகளை நிறுக்கும் மிஷின் பழுதாகிக் கிடந்தது. நான் சர்க்கார் குமாஸ்தா. ஒரு விஷயம் தாளில் ஏறினால்தான் எனக்கு அது நடந்ததாக அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை பேப்பர் எடுக்க வந்த கபாடிக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி, தராசுத் தட்டில் உன் பழைய நூல் புடவையை மடித்துப் போட்டு, குழந்தையைக் கிடத்தினேன். மறுதட்டில் எடைக்கற்கள். "ஹில்னா நஹீன், குடியா", ஆடாதே பொம்மை என்று அவர் கொஞ்சினார். அவள் கொட்டாவி விட்டாள். வீட்டுக்குள் வந்து கிராஃப் தாளில் ஒரு புள்ளி வைத்துச் சுவரில் ஒட்டினேன்.

அதே தராசோடு நீ மாதா மாதம் சண்டை போடுகிறவள். "கள்ளப்பய, அஞ்சு கிலோ பேப்பர நாலுங்கான். என்ன கல்லு வச்சிருக்கானோ!" என்று படியிறங்கிப் போய்க் கத்துவாய். நம் பிள்ளை அந்தத் தட்டில் படுத்தபோது மட்டும் இது நம் இருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. பேப்பருக்குப் பொய் சொல்லும் தராசு பிள்ளைக்கு உண்மை சொல்லும் என்று நம்பிவிட்டோம்.

காலையில் குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் அவள் துணிகளை அலசிவிடுவாய். பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் வெயில் வந்ததும் எண்ணெய் தடவி அவளைக் 'காயப்போடுவாய்'. அது உன் வார்த்தை. இதையெல்லாம் நான் பார்த்ததில்லை. ஆபீஸிலிருந்து வந்து ஸ்வெட்டரைக் கழற்றுவதற்குள் நீ ஒப்பித்தவை. அவளுக்குக் கழுத்து நின்றது, தன் கையைத் தானே பார்த்துத் திகைத்தது, பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாளின் சிவப்பு சால்வையைக் கண்டு சிரித்தது எல்லாமே நான் இல்லாத நேரத்தில்தான். எனக்குக் கிடைத்தது வாரத்துக்கு ஒரு புள்ளி.

இரண்டரை மாதமாகியும் தராசு மூன்றரைக் கிலோவைத் தாண்டவில்லை. தடுப்பூசி அட்டையில் அச்சடித்திருந்த கோட்டுக்கு வெகு கீழே என் புள்ளிகள் ஊர்ந்தன. பால் போதவில்லை, டின் பால் ஆரம்பிக்கலாம் என்றேன். நீ குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாய்.

"கைக்குக் கனக்காளே. தூக்குதவளுக்குத் தெரியாதா?"

"அப்போ நான் வச்ச புள்ளி எல்லாம் பொய்யா?"

நீ சுவரிலிருந்த தாளைத் திரும்பிப் பார்த்தாய். டின் வந்தது. இரண்டு மாதத்தில் உன் பால் வற்றியது. அவளை நிறுக்கும்போது கீழே வருவதையும் நீ நிறுத்திவிட்டாய்.

ஒன்பதாம் மாதம் அம்மைத் தடுப்பூசி. உனக்குக் காய்ச்சல் என்று நான் லீவு போட்டு அவளைத் தூக்கிப் போனேன். டிஸ்பென்சரியில் புது மிஷின் வந்திருந்தது. ஏழரைக் கிலோ காட்டியது. மூன்று நாளுக்கு முன்னால் கபாடித் தராசில் ஆறுதான். மூன்று நாளில் எந்தக் குழந்தையும் ஒன்றரைக் கிலோ ஏறாது. அவளை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். ஏழரைக்கு ஆறு, ஐந்துக்கு நாலு. உன் பேப்பர் சண்டை அப்படியே பொருந்தியது. பழைய புள்ளிகளை மனதுக்குள் ஒவ்வொன்றாகத் திருத்திப் பார்த்தேன். எல்லாம் கோட்டை ஒட்டிப் போய் உட்கார்ந்தன, டின் வாங்குவதற்கு முந்தைய புள்ளிகளும்தான்.

வீட்டுக்கு வந்து ஏழரை என்றதும் நீ காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து சிரித்தாய். "டின் பாலு அவளத் தேத்திட்டு. நல்லவேளை, நீங்க சொன்னீய."

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். சிரிக்கிறவளை ஏன் கெடுக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்தது பயம். தப்பு என்னுடையது என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சுவரிலிருந்த தாளைக் கிழியாமல் எடுத்து உறையில் போட்டேன். ஆபீஸில் தொல்லை பிடித்த கோப்பை அலமாரியின் அடித்தட்டுக்குத் தள்ளுவோமே, அப்படி.

அதற்கப்புறம் அவளுக்குச் சளி பிடித்தால், "தாய்ப்பால் இல்லாத ஒடம்புல்லா" என்பாய். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்தாள். அதற்கும் உன் பால்தான் காரணம். கணக்கில் மார்க் குறைந்தபோதுகூட அதைச் சொன்னாய். நான் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருப்பேன். நீ போகும்வரை இப்படித்தான் இருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

இன்று அந்தத் தாளை எடுத்துப் பார்த்தவள் அவள்தான். பதினோராம் வகுப்பு; என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். "அப்பா, இது என் வெயிட்டா?" என்று புள்ளிகளை விரலால் தொட்டுக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். "ஓரத்துல இருக்கிறது அம்மா எழுத்துதானே? என்ன எழுதியிருக்காங்க?"

இந்த வடக்கிலேயே வளர்ந்த அவளுக்குத் தமிழ் படிக்க வராது. நான் எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பாள். அங்கே பென்சிலில் பொடி எழுத்தாக நீ எழுதியிருந்ததை அப்படியே வாசித்தேன். 'இன்று முதல் டின் பால். குழந்தைக்கு என் பால் போதவில்லை.'

பிறகு தராசு விஷயத்தைச் சொன்னேன். கீழே கபாடிக்காரர் "ஜல்தி கரோ, பாபுஜி" என்று இரண்டு தடவை அவசரப்படுத்திக் கூப்பிட்டுவிட்டார். அவள் அசையவில்லை.

"அம்மாக்குக் கடைசி வரைக்கும் தெரியாதா?"

"தெரியாது."

"அச்சா" என்றாள். கோபமா அழுகையா என்று எனக்குப் புரியவில்லை. "இப்பவாவது அம்மா கிட்ட சொல்லிடுங்க."

பேப்பர் எல்லாம் போய்விட்டது. எடை சரிதானா என்று நான் பார்க்கவில்லை. இந்தத் தாள் மட்டும் என்னோடு வருகிறது. உன் வரிக்குக் கீழே, கோப்பில் குறிப்பு எழுதுகிற மாதிரி, என் வரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

'தராசு தவறு. குழந்தைக்குத் தாயின் பால் போதுமானதாகவே இருந்தது.'