நீ ஒட்டிவைத்த பித்தளைத் தூண்

மச்சான்,

போன செவ்வாய்க்கிழமை உன் மகள் உன்னுடைய சின்னக் கணினியைக் கடைக்குக் கொண்டுவந்தாள். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்தக் கறுப்புப் பெட்டியைத் துவாயில் சுற்றி எடுத்துவந்திருந்தாள். கம்பஸ் படிப்புக்கு எடுபட்டிருக்கிறாளாம். “இதுக்க இடம் பத்தல்ல அங்கிள். பெரிய எஸ்எஸ்டி ஒண்டு போட்டுத் தாங்க,” என்றாள். அவளை இருக்கச் சொல்லிவிட்டு அடிமூடியைக் கழற்றினேன். கழற்றிய கை அப்படியே நின்றுவிட்டது.

உனக்குத் தெரியும், எஸ்எஸ்டி என்பது கணினியில் உள்ளதையெல்லாம் சேமித்துவைக்கும் ஒரு மெல்லிய அட்டை. ஒரு முனை மதர்போர்டில் உள்ள வாய்க்குள் செருகியிருக்கும். மறுமுனை ஒரு குட்டிப் பித்தளைத் தூணின் மேல் உட்கார்ந்து ஒரேயொரு ஸ்க்ரூவால் இறுகியிருக்கும். உன் பெட்டியில் அந்தத் தூண் இருக்கக் கூடாது. அதைப் பேர்த்தெடுத்தவன் நான். ஆனால் அங்கே ஒரு தூண் நின்றது. ஏதோ பழைய போர்டிலிருந்து எடுத்தது. அடியில் வட்டமாக வெட்டிய பிளாஸ்டிக் தாள். சுற்றிவர, இரண்டு டியூபைக் கலந்து பூசுகிற பசை தேன்நிறத்தில் இறுகிக் கிடந்தது. பக்கத்தில் ஓடும் செப்புக் கோடுகளில் ஒரு துளி படவில்லை. நான் ஒட்டியிருந்த டேப்பைச் சுத்தமாக உரித்தெடுத்திருந்தாய்.

அப்படியென்றால் நீ அதைப் பார்த்திருக்கிறாய்.

மூன்று வருடத்துக்கு முந்தைய அந்தச் சித்திரை மாதத்தை இப்போதும் மறக்கவில்லை. பெருநாள் நெருக்கம், கடை நிறைய ஆட்கள். நீ பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டு, மகளுக்கு உடுப்பு எடுக்கக் காத்தான்குடிப் புடவைக் கடைகளுக்குள் போய்விட்டாய். பழைய அட்டையின் ஸ்க்ரூ இறுகிப்போயிருந்தது. தலை தேய்ந்துகொண்டு வந்தது. நிறுத்தியிருக்க வேண்டும். கொஞ்சம் சூடு காட்டிப் பொறுமையாகக் கழற்றியிருக்கலாம். நான் பெரிய ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு திருகு திருகினேன். ஸ்க்ரூ கழலவில்லை, தூண் வேரோடு கையோடு வந்தது.

ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புது அட்டையைச் செருகி, அடியில் இரண்டுபக்க டேப்பும் மேலே ஒரு டேப்பும் ஒட்டி மூடியைப் போட்டேன். நீ உடுப்புப் பையோடு வந்து, “முடிஞ்சிதா மச்சான்?” என்றாய். “ஓம், இனி வருசக்கணக்குக்குப் பயமில்ல,” என்றேன். அந்தப் பொய்யைச் சொன்ன வாய் கொஞ்சமும் கோணவில்லை.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாமலில்லை. இரண்டு மாரி, மழைக்குள் உங்கள் வயல்வட்டை முழுக்க நடந்தாய். எந்த வரம்பால் வெள்ளம் ஏறுகிறது, எந்த வயலில் எத்தனை நாள் நிற்கிறது என்று ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, இடம் குறித்து, ஒரே வரைபடமாகச் சேர்த்தாய். வடிச்சல் வாய்க்காலைக் கீழ்ப்பக்கத்தால் வெட்டினால்தான் பள்ளத்து வயல்கள் தப்பும் என்று கந்தோர்க் கூட்டத்தில் அதிகாரிகளுக்குக் காட்ட இருந்தாய். தாளில் அடித்தால் விளங்காது, திரையில் பெரிதாக்கிக் காட்ட வேண்டும் என்றாய். அதற்குத்தான் எஸ்எஸ்டியே மாற்றினாய்.

கூட்டம் புரட்டாசியில். அந்த வெயிலுக்கு டேப் இளகியிருக்கிறது, அட்டை மேலே கிளம்பியிருக்கிறது. எல்லோருக்கும் முன்னால் நீ பெட்டியைப் போட, டிரைவ் இல்லை என்று திரையில் ஒரு வரி மட்டும் வந்ததாம். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாயாம். மேற்பக்கத்தால் வெட்டுகிற மற்றத் திட்டத்தில் அன்றே ஒப்பம் வைத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் மிதவைப் பாதையில் வாவியைக் கடந்து குருமண்வெளித் துறைக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறி என்னிடம் வந்தாய். நீ தேத்தண்ணி குடித்து முடிக்கும் முன் நான் உள்ளே போய் அட்டையை அழுத்தினேன். பெட்டி உயிர்த்தது. உன் வரைபடம் ஒரு கோடும் குறையாமல் இருந்தது. “என்ன மச்சான் பிழை?” என்று கேட்டாய். “ரோட்டுல ஆட்டம் பட்டிருக்கு,” என்றேன். “அப்ப பிழை என்னிலதான்,” என்றாய். நான் புது டேப் ஒட்டிக் கொடுத்தேன்.

அந்த மாரியில் பள்ளத்து வயல்கள் பதினொரு நாள் தண்ணீருக்குள் கிடந்தன. உன்னுடையதும் அதற்குள்தான்.

மாரி முடிந்த மறுகா உனக்குச் சிறுநீரகம் பழுதாகி, மட்டக்களப்பு ஆஸ்பத்திரியே வீடாகிவிட்டது. தோடம்பழத்தோடு வந்து உன் கட்டிலருகில் இருந்த ஒரு பின்னேரம், நீயாகவே கேட்டாய். “மச்சான், அண்டைக்கு அந்தப் பெட்டிக்கு என்னதான் நடந்தது?”

உண்மையைச் சொல்ல நீ எனக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறாய். எனக்கு அது அப்போது விளங்கவில்லை. “அதான் சொன்னனே, ஆட்டம்,” என்றேன். நீ “ம்” என்றாய். பிறகு என் வாப்பாவின் கண் ஒப்பரேஷன் எப்படிப் போனது என்று விசாரித்தாய். அதிலிருந்து மூன்றாம் கிழமை உன் உடலை உங்கள் ஊர் மண்டூருக்கு ஏற்றிப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை உன் மகளிடம் கேட்டேன், “இத ஆரும்மா ஒட்டின?”

“அப்பாதான். வெள்ளம் வந்த வருசம். ஒரு நாள் முழுக்க அசைய விடாமப் பாத்துக்கொண்டிருந்தார். அங்கிள்ட்ட குடுத்தா என்ன எண்டு கேட்டன். அவனுக்கு வேலை கூட, கரைச்சல் குடுக்கப்படாது எண்டார்.”

அப்போதுதான் சொன்னேன். உடைத்தது நான், மறைத்தது நான், உன் தலையில் போட்டதும் நான் என்று. அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை. பிறகு மெதுவாக, “கூட்டத்தண்டைக்கு அப்பா அத ஆடாம மடியில வெச்சுக்கொண்டுதான் போன, அங்கிள். பஸ்ஸில இடம் கிடைக்கும்வரைக்கும் மூணு பஸ்ஸ விட்டவர்,” என்றாள்.

பழைய அட்டையில் இருந்ததையெல்லாம், உன் வரைபடத்தையும், புது அட்டைக்கு மாற்றி, அதை நீ வைத்த தூணின் மேலேயே பூட்டினேன். தாங்கியது.

“பள்ளத்து வயல்காரருக்கும் இதச் சொல்லுங்க அங்கிள்,” என்று கேட்டுவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து மண்டூருக்குப் போனேன். கமக்காரர் சங்கத்தில் பத்துப் பன்னிரண்டு வயல்காரர் இருந்தார்கள். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிகிற கதைதான். மூன்று வருடம் அதை வைத்துக்கொண்டிருந்தேன் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. ஒருவர் எழும்பி வெளியே போய்விட்டார். இன்னொருவர், “இப்ப சொல்லி என்ன?” என்றார். உன் மகள் வரைபடத்தைப் போட்டுக் காட்டினாள். அறுவடை முடிந்த பிறகு அதைக் கந்தோருக்குத் திரும்பக் கொண்டுபோவதென்று பேசிக்கொண்டார்கள். காட்டுகிற அன்று நானும் வர வேண்டுமாம், நடந்ததை அங்கேயும் சொல்ல வேண்டுமாம். வருவேன்.

நான் புறப்படும்போது, வெளியே போன அந்த மனிதர் சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நின்றார். உன் வயலுக்கு அடுத்த வயல்காரர்.

“அண்டைக்குக் கந்தோர்க் கூட்டம் முடிஞ்சு வரக்குள்ள நான்தான் அவன ஏசின,” என்றார். “ரெண்டு மாரி படம் படம் எண்டு திரிஞ்சு எங்கட வயித்தில அடிச்சிப்போட்டாய் எண்டு மூஞ்சிக்கு நேரே சொன்ன நான். அவன் ஒரு பேச்சுப் பேசல்ல. மறுகா நான் அவனோட கதைக்கவுமில்ல. சாவீட்டுக்கும் போகல்ல.” சைக்கிளை என் பக்கம் திருப்பினார். “நீ அவன் இரிக்கக்குள்ள இதச் சொல்லியிருந்தா, நானும் போய் ஒரு சொல்லுச் சொல்லியிருப்பன் தம்பி.”

அவர் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே போனார்.

என் வாயை மட்டும்தான் நான் பூட்டி வைத்திருந்தேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்; அவருடைய வாயையும் சேர்த்துத்தான் பூட்டியிருக்கிறேன். உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இப்போது இரண்டு பேருடையது, மச்சான். அவருடையதையும் நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.