பொம்மைப் பெட்டியில் தூங்கியது

ஜானகி, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தவளே,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த நான் இங்கேயே தங்கிவிட்டேன். நல்ல சேதி சொல்ல உட்காரவில்லையடி. மைசூர்க் கோட்டைக்குள் மறுபடியும் எலி விழ ஆரம்பித்துவிட்டது. முனிசிபாலிட்டி ஆள் வாசல் வாசலாக நின்று, "இலி பித்தித்யா, தாயி?" என்று, எலி விழுந்ததா எனக் கன்னடத்தில் கேட்டுக்கொண்டு போகிறான். எலி செத்து விழுந்த வீட்டைப் பூட்டிவிட்டு, ஊருக்கு வெளியே பிளேக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். நீ மூச்சை விட்ட அதே கொட்டகைகள்தான்.

நம் வீட்டில் ஒன்றும் விழவில்லை என்று இன்று காலை வரை பெருமாளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். நவராத்திரிக்காக இறக்கி வைத்திருந்த பொம்மைப் பெட்டியைத் திறந்தேன். நாற்றம் மூக்கில் ஏறியது. உன் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த ராஜா ராணி பொம்மைகளுக்கு நடுவே, உன் பச்சை ரவிக்கைத் துணியில் சுற்றி, தலைக்குப் பஞ்சு வைத்து, ஒரு எலி.

உன் மகள் அலமு என் பின்னால் நின்றாள். நாலு வயசு. உதட்டில் விரலை வைத்தாள்.

"மெல்லப் பேசு பெரியம்மா. அது தூங்கறது."

"நீயா வெச்சே?"

"ம். யார்ட்டயும் சொல்லிடாதே, தூக்கிண்டு போயிடுவா. அம்மா தூங்கறச்சே அப்படித்தானே தூக்கிண்டு போனா?"

அவளைப் பெட்டியிலிருந்து விலக்கி நிறுத்தினேன்.

அன்று உன்னைக் கொட்டகையில் கிடத்தியிருந்தபோது, குழந்தை காதில் அமங்கலமான வார்த்தை விழக்கூடாது என்று உன் மாமனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அம்மா தூங்கறா" என்றோம். அன்றிலிருந்து வீட்டில் அத்தனை பேரும் அதே பாட்டுத்தான். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வேறு. மத்தியானம் நான் கண்ணயர்ந்தால் அலமு வந்து என் இமையைப் பிரித்துப் பார்ப்பாள். விளையாட்டு என்று சிரித்தோம், மண்டூகங்கள்.

அவள் வயசுக்கு, தூங்கினவர் எழுந்திருக்கத்தான் வேண்டும். அவள் அண்ணன் ரங்கனுக்கு ஒன்பது. அவனிடமும் யாரும் சொல்லவில்லை, ஆனாலும் தெரிந்து வைத்திருக்கிறான். உன் பேச்சு வந்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறான். உன் மாமனாருக்கு எழுபது தாண்டியாயிற்று. எல்லாம் தெரிந்தும், இலையில் உட்கார்ந்தவுடன் "ஜானகி, நெய்" என்கிறார். எந்த வயசில்தான் மனசுக்கு இது முழுசாக விளங்குமோ? நாற்பதை எட்டிய நானே உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எலியை இடுக்கியால் எடுத்து, கொல்லையில் சீமெண்ணெய் ஊற்றி எரித்தாயிற்று. அலமுவை வெந்நீரில் தேய்த்துக் குளிப்பாட்டினேன். உன் ஆத்துக்காரர் மாட்டுவண்டி பேசப் போயிருக்கிறார். கொட்டகைக்குப் போகிறோம் என்று கேட்டதிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. புதுப்பாவாடை கட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்கிறாள். "அம்மா அங்கேதானே தூங்கறா? நான் போய் எழுப்பிடறேன்" என்கிறாள்.

சற்றுமுன் அவளைத் தூக்கினேன். உடம்பு சுட்டது. வெயிலில் நின்றதாலும் இருக்கலாம். அக்குளைத் தொட்டுப் பார்த்தேன், பிளேக் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. இன்னொரு தரம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உன் மாமனார் என்ன சொன்னாலும் சரி. வண்டி வருமுன் அவளை மடியில் உட்காரவைத்து, நீ செத்துப்போய்விட்டாய், இனி எழுந்திருக்க மாட்டாய் என்று சொல்லிவிடப் போகிறேன். அழட்டும். இன்னொரு எலியைத் தொடாமல் இருந்தால் போதும். அவளை உன்னிடம் அனுப்பமாட்டேன், இது சத்தியம். நீயும் எனக்காக ஒன்று செய். அங்கே வந்து அவள் உன்னைக் கூப்பிட்டால், பதில் சொல்லிவிடாதே.

அலமுவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும்,
உன் அக்கா